மேஸ்திரிக்கு உப்பு ஆகாது

மரக்காணம்,
14.2.2024

அன்புள்ள அண்ணிக்கு, பாக்கியலட்சுமி எழுதறேன். நான் இருக்கேன். அந்தக் கொடைக்கானல் குளிர்ல உங்க முட்டி வலி எப்படி இருக்குது? ஆன்மேரி அம்மா நடக்கறாங்களா, இன்னும் சக்கர நாற்காலிதானா?

கையில போனை வச்சுக்கிட்டு இவ எதுக்கு லெட்டர் எழுதறான்னு திட்டாதீங்க. உங்க தம்பிக்கு மனப்பாடமா தெரிஞ்சது என் நம்பர் ஒண்ணுதான். அவரோட நம்பரையே என்னைக் கேட்டுதான் சொல்லுவாரு. மழைக்காலத்துல உப்பளத்துல வேலை இல்லைன்னு காசிமேட்டுப் படகுல ஏறினாரு. படகு காணாமப் போயி நாலு மாசம் ஆவுது. எங்கயாவது கரை ஏறி, யார்கிட்டயாவது போன் வாங்கி அடிக்கறப்ப நான் உங்ககூட பேசிட்டிருந்தா என்ன பண்றது? வெயிட்டிங்ல வரும்னு சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அதான் யார் கூப்பிட்டாலும் "வச்சுடுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுடறேன். உங்களையும் அப்படித்தான் ரெண்டு தடவை வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. எதுவா இருந்தாலும் கடுதாசி போடுங்க.

இப்ப எழுதறது மேஸ்திரிக்காக. உங்க தம்பி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு வந்தாரே, அந்த மஞ்சப் பூனை. உப்பளத்து வரப்பு மேல வாலைத் தூக்கிக்கிட்டு, எல்லார் வேலையையும் கண்காணிச்சுக்கிட்டு நடக்குதுன்னு அவர்தான் மேஸ்திரின்னு பேர் வச்சாரு. பத்து நாளா வாந்தி எடுக்குது. குடம் குடமா தண்ணி குடிக்குது, சோத்தை மோந்துட்டுப் போயிடுது. முதுகெலும்பு தெரியுது அண்ணி. அவர் இருந்தப்ப தினமும் கரையில ஒரு கை நெத்திலி வாங்கிட்டு வந்து வேகவச்சுப் போடுவாரு. எனக்குக் கிடங்குல உப்பு மூட்டை சுமந்துட்டு வந்தா அதுக்குத் தெம்பில்ல. கருவாட்டுக் குழம்பு சோறுதான் போடறேன். அதுல அவர் வாரி வச்சுட்டுப் போன பானையிலருந்து ஒரு சிட்டிகை உப்பும் போடறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்களே, அதுவும் அவரை மறக்கக் கூடாதில்ல.

நீங்க அங்க ஆன்மேரி அம்மா வீட்டு வேலையோட அவங்க ஏழு பூனைக்கும் சமைக்கறவங்க. என்ன பண்ணணும்னு எழுதுங்க. அவர் வர்றப்ப இது நல்லபடியா இருக்கணும்.

உங்க பதிலுக்காகக் காத்திருக்கற,
பாக்கியம்

*

கொடைக்கானல்,
22.2.2024

என் தங்கம் பாக்கியத்துக்கு, திரௌபதி அண்ணியோட ஆசீர்வாதம். என் முட்டி கெடக்குது, அது என்னோடதான் போவும். ஆன்மேரி அம்மா நாற்காலியிலருந்தே ஊரை ஆளறாங்க. நீ சாப்பிடறியா? அதைப் பத்தி ஒரு வரி எழுதல பாரு.

அடிப்பாவி, பூனைக்குக் கருவாடா! கருவாடே உப்பு, அதுக்கு மேல ஒரு சிட்டிகை வேறயா? நானும் இங்க வந்த புதுசுல நம்ம ஊர் கைப்பழக்கத்துல உப்பு போட்டுட்டு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். பூனைக்கு உப்பு ஆகாதுடி. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அது விஷம்.

எலும்பில்லாத கோழிக்கறி கையளவு, பரங்கிக்காய் ரெண்டு துண்டு, பச்சைத் தண்ணியில குழைய வேகவை. ஆறினதும் கையால பிசைஞ்சு, ஒரு ஸ்பூன் சோறு சேர்த்துக் குடு. வெந்த தண்ணியைக் கொட்டாத, அதையும் ஊத்து. இங்க ஞாயித்துக்கிழமை ஆனா பாரை மீனை ஆவியில வச்சு, முள்ளு எடுத்து, முட்டை வெள்ளைக்கருல கலந்து இட்லித் தட்டுல ஊத்தி எடுப்பேன். ஏழும் வரிசையா வந்து உக்காந்துக்கும், பந்தியில உக்கார்ற மாதிரி.

முதல்ல திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. தள்ளிப் போடாத.

போன் பண்ண மாட்டேன், சரி. ஆனா நீ எழுதணும்.

திரௌபதி

*

மரக்காணம்,
5.3.2024

அண்ணிக்கு, நமஸ்காரம். நான் வேளைக்குச் சாப்பிடறேன், போதுமா? உப்பளத்துல பாத்தி கட்டி வேலை ஆரம்பிச்சுட்டாங்க. அவர் வேலை பார்த்த பாத்தியில வேற ஆளு நிக்கறான். நான் அந்தப் பக்கம் பார்க்கறதில்ல.

மேஸ்திரியைக் கூடையில வச்சு, மேல புடவையைக் கட்டி பஸ்ல கொண்டு போனேன். பெருமுக்கல் தாண்டற வரைக்கும் கத்தல். கண்டக்டர், "ஏம்மா, கூடையில குழந்தையா"ன்னு கேட்டான். டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, கிட்னி பாதி போயிடுச்சுன்னு சொல்லிட்டாரு. கடையில விக்கற பாக்கெட் தீனி ஒண்ணு குடுத்தாரு, அதை மேஸ்திரி மோந்துகூடப் பார்க்கல. வீட்டுலயே செஞ்சு குடும்மா, ஆனா ஒரு கல்லு உப்பு கூடாது, இனிமே போட்டா பொழைக்காதுன்னு சொன்னாரு.

அண்ணி, என்னால முடியாது. உப்பில்லாத சட்டியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். எங்கப்பா செத்தப்ப பிண்டத்துக்குப் பொங்கினாங்க. ஒன்பது வயசு எனக்கு. ருசி பார்த்துட்டு "உப்பில்லையேம்மா"ன்னு கேட்டேன், எங்கம்மா அறைஞ்சாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு உப்பில்லாமப் பொங்கக் கூடாதுடின்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. இந்த வீட்டு அடுப்புல நான் அப்படி ஒரு சட்டியை ஏத்தினா என்ன அர்த்தம்? பூனைக்குன்னு நான் சொல்லுவேன். அடுப்புக்குத் தெரியுமா?

நீங்க சொன்ன மாதிரி கோழியும் பரங்கிக்காயும் போட்டேன். ஒரு கல்லு உப்பு போட்டேன். ஒரே ஒரு கல்லு.

அவர் இருக்காரு அண்ணி. டிசம்பர்ல மீன்துறை ஆபீஸ்ல அந்தப் போட்டோவைக் காட்டினப்ப, இது அவர் இல்லைன்னு நான் சொன்னேன். நீங்களும் பார்த்துட்டு இல்லைன்னுதானே சொன்னீங்க.

பாக்கியம்

*

கொடைக்கானல்,
14.3.2024

பாக்கியத்துக்கு, அண்ணி ஆசி. இங்க ரெண்டு நாளா மழையும் மூடுபனியும். துணி காயல.

ஒரு கல்லுன்னா என்ன, ஒரு படின்னா என்ன? டாக்டர் கூடாதுன்னா கூடாது. பூனைச் சோறு பூனைச் சோறுதான், அதுக்கும் அந்தச் சட்டிக்கும் என்னடி சம்பந்தம்? நான் தினமும் ஏழு பூனைக்கு உப்பில்லாம ஆக்கறேன், யாருக்கு என்ன ஆச்சு?

கோழி பிடிக்கலைன்னா முட்டை வெள்ளைக்கரு மட்டும் வேகவச்சுக் குடு. ஈரல் அதிகம் வேணாம், கிட்னி கெட்டதுக்கு ஆகாது. நெத்திலி கிடைச்சா தலையைக் கிள்ளிட்டு, உப்புப் போடாம வெயில்ல ரெண்டு நாள் காயவை. மொறுமொறுன்னு ஆனதும் ஒண்ணு ஒண்ணா குடு, மிட்டாய் மாதிரி தின்னும். தண்ணி ரெண்டு மூணு இடத்துல வை.

உடம்பைப் பார்த்துக்கோ.

திரௌபதி

*

மரக்காணம்,
9.4.2024

அண்ணிக்கு வணக்கம். முட்டிக்குத் தைலம் அனுப்பியிருந்தேன், வந்துச்சா?

மேஸ்திரி ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. நெத்திலியைக் காயவச்சா தட்டு பக்கத்துலயே காவலுக்கு உக்காந்திருக்குது, காக்காவை நெருங்க விடல. அப்புறம் பழையபடி வாந்தி. எனக்குத் தெரியும், அந்த ஒரு கல்லுதான். தெரிஞ்சேதான் போடறேன். வேணாம்னு பானையை மூடறேன், அப்புறம் நானே திறந்து போட்டுடறேன்.

பிரம்மதேசத்துலருந்து அத்தை வந்தாங்க. ஆடி அமாவாசைக்குத் தன் பிள்ளை முருகனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடணும், ஆத்மா தண்ணிக்கு அலையும்னு சொன்னாங்க. பெத்தவங்கதான், அவங்களுக்கும் வயித்தெரிச்சல்தான், எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு வந்த கோவத்துல, "உங்க பிள்ளையை நீங்களே கொன்னுடாதீங்க"ன்னு சொல்லிட்டேன். ஒரு வாய் தண்ணி குடிக்காம கிளம்பிப் போயிட்டாங்க. அவங்க முந்தானை பஸ் ஏறற வரைக்கும் கண்ணுலதான் இருந்துச்சு. நான் ஓடிப் போய் நிறுத்தல.

அண்ணி, நான் போட்டோவைப் பத்தி எழுதினேன். நீங்க பூனைக்கு முட்டை குடுன்னு எழுதியிருக்கீங்க. அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம், அது அவன் இல்லைன்னு. சொல்லுங்க அண்ணி.

பாக்கியம்

*

மரக்காணம்,
20.5.2024

அண்ணிக்கு, நலமா? போன மாசம் போட்டதுக்குப் பதில் இல்ல. தபால்ல எங்கயாவது போயிடுச்சா, இல்ல அத்தை உங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னாங்களா? நான் பேசினது தப்புதான். திட்டணும்னா திட்டியாவது எழுதுங்க.

வெயில் கொளுத்துது. உப்பு நல்லா விளையுது. கால் எல்லாம் புண்ணு.

மேஸ்திரி இப்ப உப்பளத்துக்கு என்கூட வர்றதில்ல. வாசப்படியில படுத்துக்கிட்டு வழியைப் பார்க்குது.

பாக்கியம்

*

கொடைக்கானல்,
3.6.2024

பாக்கியத்துக்கு, தைலம் வந்துச்சு. ஆன்மேரி அம்மாவுக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன். அதான் எழுத முடியல.

கோழியைக் கஞ்சித் தண்ணி பதத்துக்கு மசிச்சு, விரல்ல தொட்டு மேல் வாயில தடவு. நக்கிக்கும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடு. சூடாவும் வேணாம், ஜில்லுனும் வேணாம்.

உப்பு போடாதடி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், போடாத.

திரௌபதி

*

மரக்காணம்,
18.6.2024

அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு மனசு வரல. நான் கேட்டது ஒரு வார்த்தை. நீங்க எழுதறது எல்லாம் கோழியும் கஞ்சியும். சமையல் புஸ்தகமா கேட்டேன் உங்ககிட்ட?

மேஸ்திரி நேத்து வாசப்படியிலருந்து இறங்கப் பார்த்து கால் மடங்கி விழுந்துடுச்சு. தூக்கினா எடையே இல்ல. மறுபடியும் திண்டிவனம். டாக்டர் மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தணும்னு சொல்லிட்டு என்னையே பார்த்தாரு. "உப்பு போடறீங்களாம்மா"ன்னு கேட்டாரு. நான் மேஸ்திரி முதுகைத் தடவிக்கிட்டு இருந்தேன். "இந்த வாட்டி எழுப்பி விட்டுடலாம். மறுபடியும் உப்பு உள்ள போனா தூக்கிட்டு வராதீங்க, என்னால ஆகாது"ன்னு சொன்னாரு.

அவர் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு வந்த ஜீவன் அது. அதை நானே கொல்றேன். அது தெரியாத அளவுக்கு நான் பைத்தியம் இல்ல. ஆனா அந்தச் சட்டியை ஏத்தினா அவருக்கும் எனக்கும் நடுவுல இருக்கற கடைசிக் கயித்தையும் நானே அறுத்த மாதிரி ஆயிடும். நான் என்ன பண்ணட்டும்? ஒருத்தரைக் காப்பாத்தணும்னா இன்னொருத்தரைச் சாகடிக்கணும்.

குளுக்கோஸ் ஏறுது. அது முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சாப்பாடு போடணும். சொல்லுங்க. கடைசித் தடவையா கேக்கறேன். அந்தப் போட்டோவுல இருந்தது உங்க தம்பி இல்லதானே?

பாக்கியம்

*

கொடைக்கானல்,
29.6.2024

என் கண்ணு பாக்கியத்துக்கு,

இதை எழுத நாலு தடவை உக்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ கேட்டதுக்குப் பதில் எழுதணும்னுதான் பேனாவை எடுப்பேன். கை தன்னால பூனைச் சாப்பாட்டை எழுத ஆரம்பிச்சுடும். அதை எழுதி முடிச்சுக் கையெழுத்தைப் போட்டுடுவேன். ஆன்மேரி அம்மாவுக்கு நெஞ்சுச் சளி வந்தது நாலு நாள்தான். மீதி நாள் எல்லாம் நான் பயந்துக்கிட்டு இருந்தேன்.

அது முருகன்தாண்டி.

நெல்லூர் பக்கம் ஒதுங்கின உடம்புன்னு அந்த ஆபீசர் செல்போன்ல காட்டினாரே, இடுப்புக் கயிறு மட்டும் தெரியற மாதிரி. நீ ஒரு நொடி பார்த்துட்டு "இல்ல சார், இது அவர் இல்ல"ன்னு சொல்லிட்டு எழுந்துட்ட. சரியாக்கூடப் பார்க்கலையேன்னு நினைச்சு நான் வாங்கிப் பார்த்தேன். கயித்துல தாயத்து இருந்துச்சு. மேல்மலையனூர்ல நான்தான் வாங்கிக் கட்டினேன், அவனுக்குப் பத்து வயசு. கணக்குப் பரிட்சைக்குப் பயந்து கடிச்சுக் கடிச்சு ஒரு ஓரத்தை நெளிச்சு வச்சிருந்தான். அந்த நெளிசல் அப்படியே தெரிஞ்சுது. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ கதவுகிட்ட நின்னு செருப்பை மாட்டிக்கிட்டு இருந்த. "ஆமா சார், எங்க தம்பி இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

யாருமில்லாத பொணம்னு அங்கயே புதைச்சுட்டாங்க. கூடப் பொறந்தவ நான் கல்லு மாதிரி உயிரோட இருக்கறப்ப. உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேன். இப்ப பார்த்தா உன்னை ஆறு மாசமா ஒரு போன் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன். ஜனவரியிலருந்து இந்தப் பூனைகளுக்குப் பொங்கற சட்டியில முதல்ல ஒரு பிடி எடுத்து கொல்லைச் சுவர் மேல வைக்கறேன். காக்கா வந்து எடுத்துட்டுப் போவுது. ஆன்மேரி அம்மா கேட்டாங்க, பறவைக்குன்னு சொன்னேன். உப்பில்லாத சோறு எனக்குத் தினமும் கிடைச்சுது பாக்கியம், உனக்குத் தெரியாம என் தம்பிக்கு அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்.

நீ என்னை என்ன வேணா சொல்லு. சொல்லாமயும் இரு. மேஸ்திரிக்கு மட்டும் உப்பு போடாத.

பாவி,
திரௌபதி

*

மரக்காணம்,
6.8.2024

அண்ணிக்கு, பாக்கியம் எழுதறேன். ஒரு மாசமா உங்களைக் காக்க வச்சுட்டேன். முட்டி வலியோட நீங்க தினமும் தபால்காரருக்காகக் கேட் வரைக்கும் நடந்திருப்பீங்க, எனக்குத் தெரியும்.

உங்க லெட்டர் வந்து ரெண்டு நாள் அரிசி டப்பாவுல கெடந்துச்சு. மூணாம் நாள் பிரிச்சேன். உங்க மேல கோவம் வரணும்னு பார்த்தேன், வரல. ஏன்னு சொல்றேன்.

நான் ஒரு நொடிதான் பார்த்தேன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ஒரு நொடியே அதிகம் அண்ணி. தாயத்தை நான் பார்க்கவே இல்ல. அது பக்கத்துல நீலக் கலர் நைலான் நூல் ஒண்ணு இருந்துச்சே, அதைப் பார்த்தேன். காசிமேட்டுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் கயிறு அறுந்து போச்சு. புதுசு வாங்கிக்கலாம்யான்னு சொன்னேன், வந்து வாங்கிக்கறேன்னாரு. வலை நூலை எடுத்து நான்தான் ரெட்டை முடிச்சா முடிஞ்சு, பல்லால கடிச்சு விட்டேன். என் கை முடிச்சு எனக்குத் தெரியாதா? அதனாலதான் அவ்வளவு வேகமா இல்லைன்னு சொன்னேன். நீங்க உத்துப் பார்க்கறதுக்குள்ள சொல்லிடணும்னு. அதுக்கப்புறம் நீங்களும் இல்லைன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் இத்தனை மாசம் ஓட்டினேன். நான் பொய் சொன்னேன், ஆனா அண்ணி எதுக்குப் பொய் சொல்லப் போறாங்கன்னு. அதான் திரும்பத் திரும்ப உங்களைக் கேட்டேன்.

அதுவரைக்கும் மேஸ்திரிக்குச் சட்டி ஏத்தாம, காயவச்ச நெத்திலியைத் தண்ணியில ஊறவச்சுக் குடுத்து ஒப்பேத்தினேன். பிரிச்ச அன்னிக்கே சட்டியை ஏத்தினேன். கோழி, பரங்கிக்காய், தண்ணி. கொதி வந்ததும் கை தன்னால உப்புப் பானைக்குப் போச்சு. பானையை மூடி, மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சேன். அப்புறம் அடுப்பு முன்னாடியே உக்காந்து சத்தம் போட்டு அழுதேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. யாரும் என்னன்னு கேக்கல. அவங்களுக்கும் இத்தனை நாளா தெரிஞ்சிருக்குது போல.

ஆறவச்சுப் பிசைஞ்சு வச்சேன். மேஸ்திரி மோந்துச்சு. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. கிண்ணம் நகர நகர நக்கித் தின்னுச்சு அண்ணி.

ஞாயித்துக்கிழமை ஆடி அமாவாசை. நானே பிரம்மதேசம் போய் அத்தை காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். போட்டோவுல பார்த்ததை அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். கேட்டுட்டு, என் தலையை மடியில வச்சுக்கிட்டாங்க. கடற்கரையில செய்ய வேண்டியதைச் செஞ்சோம். உப்பில்லாத சோறு பொங்கினது நான்தான். படைச்சது போக மிச்சத்தை மேஸ்திரிக்கு எடுத்து வச்சேன். "அதைப் போய்ப் பூனைக்கா"ன்னு அத்தை ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவங்களே கிண்ணத்தை வாங்கிட்டுப் போய் அது முன்னாடி வச்சு, தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.

அவர் வாரி வச்ச உப்பு இன்னும் கால் பானை இருக்குது. அதை இனிமே என் குழம்புல மட்டும்தான் போடுவேன். அந்த உப்பைத் தின்னுட்டு நினைக்க வேண்டியவ நான்தான். மேஸ்திரி பாவம், அதுக்கு எதுக்கு அந்தப் பாரம்.

அடுத்த வாரம் ஆபீஸுக்குப் போய் அது அவர்தான்னு சொல்லணும். நெல்லூர்ல எங்க புதைச்சாங்கன்னு கேட்டு, போய் ஒரு பிடி மண்ணாவது எடுத்துட்டு வரணும். தனியா சொன்னா மறுபடியும் இல்லைன்னு சொல்லிடுவேன். நீங்க வரணும். மேஸ்திரியை அத்தை பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. மீன் இட்லி எப்படி செய்யறதுன்னு அவங்களுக்கு நீங்களே வந்து காட்டுங்க.

என்னிக்கு வர்றீங்கன்னு லெட்டர் போடாதீங்க, அது வர நாலு நாள் ஆவும். போன் பண்ணுங்க அண்ணி. வச்சுடுங்கன்னு சொல்ல மாட்டேன்.

உங்க தம்பி பெண்டாட்டி,
பாக்கியலட்சுமி